இடது கையால் போட்ட கையெழுத்து

கஞ்சிக்கோடு, 14.3.1976

அன்புள்ள சந்தனமேரிக்கு, நீயும் பிள்ளைகளும் சுகமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். ஏலக்காட்டுக் குளிரில் உன் இருமல் நின்றதா?

எழுத்து கோணலாக இருப்பதைப் பார்த்துப் பயப்படாதே. இடது கையால் எழுதுகிறேன். போன மாதம் கம்பெனியில் திடீரென்று வாய் குழறி, வலது கை தொங்கிவிட்டது. சூப்பர்வைசர், "ஏனப்பா, காலையிலயே குடிச்சுப்போட்டு வந்துட்டியா?" என்று திட்டி, சாயங்காலம்வரை வெயிலில் உட்கார வைத்தார்.

ஆஸ்பத்திரி டாக்டர், "மூளையில ஒரு ரத்தக்குழாய் அடைச்சுப்போச்சு. பக்கத்துப் பொடிக்குழாயெல்லாம் விரிஞ்சு, முடிஞ்சமட்டும் ரத்தம் குடுத்திருக்குது. உடனே படுக்க வெச்சு இங்க கொண்டாந்திருந்தா கையும் தப்பிச்சிருக்கும்" என்றார். கண்ணுக்குத் தெரியாத அந்தக் குழாய்களுக்கு இருந்த இரக்கம் கம்பெனியில் ஒருவருக்கும் இல்லை.

பேச்சு வந்துவிட்டது. பித்தான் இல்லாத சட்டை இரண்டு தைத்து அனுப்பு. பித்தான் போட்டுவிட இங்கே யாருமில்லை.

அன்று குடித்திருந்தேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் மறுபடி வேலையாம். நேற்று கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஊருக்கும் செய்தி வரும். உன் அப்பா குடித்தே செத்ததால், குடிக்காத ஆளாகப் பார்த்து என்னைக் கட்டிக்கொண்டாய். யார் சொன்னாலும் நம்பாதே, மேரி.

தபால் எடுக்க ஆள் வந்துவிட்டது.

செபாஸ்டின்