என் குரல் விற்கும் மருந்துக்கு நான் பொறுப்பல்ல

அனுப்புநர்:
ச. அந்தோணிராஜ்,
ஒலிபெருக்கி வாடகைக் கடை,
சிம்பாங் அம்பாட்,
அலோர் காஜா மாவட்டம், மலாக்கா.

பெறுநர்:
சிறப்பு அதிகாரி அவர்கள்,
இணைய முறைகேட்டுப் புகார்ப் பிரிவு,
மாநில அலுவலகம், மலாக்கா.

பொருள்: என் குரலையும் முகத்தையும் என் சம்மதமின்றிப் பயன்படுத்தி இனிப்பு நீர் (நீரிழிவு) மருந்து விற்பதைத் தடுக்கவும், திருமதி கமலவேணி அவர்கள் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்புவதற்குள் அவர் பெயருக்கு முத்திரையிட்ட கடிதம் ஒன்று வழங்கவும் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

தாங்கள் தமிழ் வாசிப்பீர்கள் என்று கேள்விப்பட்டுத் தமிழிலேயே எழுதுகிறேன். மலாய் மொழிபெயர்ப்பு ஒன்றை என் மகள் எலைன் இணைத்திருக்கிறாள். ஆனால் அதைச் செய்தது அவள் கைப்பேசியில் இருக்கும் ஏதோ ஒரு செயலி. இரண்டும் ஒன்றுக்கொன்று முரண்பட்டால் தமிழையே என் வாக்குமூலமாகக் கொள்ளவும். செயலிகளை நான் நம்பாததற்கான காரணம் கீழே வருகிறது.

1. நான் முப்பது வருடங்களுக்கு மேலாக ஒலிபெருக்கி வாடகைக்கு விட்டுப் பிழைத்தவன். பெட்டியைக் கொண்டுபோய் இறக்கிவிட்டு வாடகை வாங்கிக்கொண்டு வருகிற ஆள் அல்ல. மைக்கையும் நானே பிடிப்பேன். லூபோக் சீனா பக்கத்துத் தோட்டத்து மாரியம்மன் கோயில் திருவிழா, மாதா தேர், கல்யாண மண்டபம், தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டி, எல்லாவற்றுக்கும் என் குரல்தான். வழியை அடைத்து நிற்கும் காரை எடுக்கச் சொல்வதும் நான், அன்னதானம் தயார் என்று சொல்வதும் நான். நான் கத்தோலிக்கன். கோயில் நிர்வாகமோ பக்தர்களோ அதை ஒரு நாளும் குறையாகச் சொன்னதில்லை.

2. இரண்டு வருடங்களுக்கு முன் எனக்குத் தொண்டையில் புற்றுநோய் கண்டு, குரல்வளையை முழுதாக எடுத்துவிட்டார்கள். இப்போது கழுத்தில் இட்ட துளை வழியாகத்தான் மூச்சு விடுகிறேன். ஒரு சொல்கூடப் பேச வராது. மருத்துவச் சான்று இணைப்பு ‘அ’.

3. அறுவைச் சிகிச்சைக்கு முன் என் மகள் ஒரு காரியம் செய்தாள். பத்து பெரண்டாம் தொழிற்சாலையில் வேலை முடித்து வந்து, தினமும் என்னை உட்கார வைத்து, கைப்பேசியில் ஒரு செயலி காட்டும் வரிகளை வாசிக்கச் சொன்னாள். அதன் பிறகு நான் எதை எழுதினாலும் அந்தச் செயலி என் குரலிலேயே வாசிக்கும். “அப்பா, உங்க குரல் போகாதுப்பா, போன்ல இருக்கும்லா” என்றாள். அன்றைக்கு நான் அழுதேன். நல்லது நடந்ததாகத்தான் நினைத்தேன்.

4. கடந்த நோன்புப் பெருநாள் விடுமுறைக்குப் பிறகு ஒரு காணொளி வாட்ஸ்அப்பில் சுற்றத் தொடங்கியது. நான் வெள்ளைச் சட்டை போட்டு மைக்கோடு நிற்கிறேன். என் வாய் அசைகிறது. குரல் என்னுடையது. இனிப்பு நீர் உள்ளவர்கள் ஒரு மூலிகைத் துளியை நாக்கில் விட்டால் போதும், “ஊசியைத் தூக்கிப் போடுங்கள், இந்த அந்தோணி சொல்கிறேன், முருகன் மேல் சத்தியம்” என்று பேசுகிறது. மருந்தின் பெயரை இங்கே எழுதி அதற்கு இன்னொரு விளம்பரம் தர எனக்கு மனமில்லை. காணொளி இணைப்பு ‘ஆ’.

அது நானல்ல என்பதற்குத் தாங்கள் மூன்று விஷயங்களைக் கவனிக்கலாம். காணொளியில் இருப்பவன் கழுத்தில் துளை இல்லை. அவன் முருகன் மேல் சத்தியம் செய்கிறான். நான் முருகனுக்கு மைக் பிடித்திருக்கிறேனே தவிர, யார் மேலும் சத்தியம் செய்து பழக்கமில்லை. மூன்றாவது, அவன் பேச ஆரம்பித்து முடிக்கும்வரை ஒரு தடவைகூட மூச்சு வாங்கவில்லை. மைக்கில் நான் மூச்சு வாங்கும் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்கும் என்று ஊரில் கிண்டல் செய்வார்கள்.

5. இனி திருமதி கமலவேணியைப் பற்றி. என் கடை வாசலில் காலையில் தோசை சுட்டு விற்பவர். என்னைவிட மூத்தவர், அக்கா என்று கூப்பிடுவேன். நீண்ட காலமாக இனிப்பு நீருக்கு இன்சுலின் ஊசி போட்டுக்கொண்டிருந்தார். இந்தக் காணொளியைப் பார்த்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல், ஊசியை நிறுத்தி அந்தத் துளியை வாங்கிக் குடித்திருக்கிறார். பக்கத்திலேயே இருந்த என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் கைப்பேசி வழியாகப் பேசுவது அவருக்குப் பழக்கம்தான். கேட்க என்ன இருக்கிறது, நான்தான் சொல்லிவிட்டேனே என்று நினைத்திருக்கிறார். காலில் தோசைக் கரண்டி விழுந்த சின்னப் புண் ஆறாமல் அழுகி, வலது கால் பெருவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. ஊசியைத் தொடர்ந்து போட்டால் கால் தப்பும், மறுபடி நிறுத்தினால் பாதத்தையே எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

6. அவர் ஏன் அந்தக் குரலை நம்பினார் என்று தங்கள் அலுவலகத்தில் யாராவது கேட்கலாம். அவருடைய மகன் விமலன், இன்று லாரி ஓட்டுகிறவன், சிறுவயதில் தீமிதிக் கூட்டத்தில் தொலைந்துபோனான். சிவப்புச் சட்டை, பெயர் விமலன், மைக் கூடாரத்தில் பத்திரமாக இருக்கிறான், தாயார் வரவும் என்று நான்தான் அறிவித்தேன். அவர் செருப்பில்லாமல் ஓடி வந்தது எனக்கு இன்றும் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து “அந்தோணி மைக்குல பொய் சொல்ல மாட்டான்” என்பது அவர் வாயில் வரும் பேச்சு. அந்த நம்பிக்கையைத்தான் எவனோ திருடி விற்றிருக்கிறான் ஐயா.

7. விஷயம் தெரிந்ததும் வார்டுக்கு ஓடினேன். எனக்குப் பேச வராது, அக்காவுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். ஆகவே “அக்கா, அந்த வீடியோவில் பேசியது நான் இல்லை, ஊசியை விட்டுவிடாதீர்கள்” என்று கைப்பேசியில் எழுதி, பொத்தானை அழுத்தினேன். அது என் குரலில் பேசியது. பக்கத்துக் கட்டிலில் போர்த்திப் படுத்திருந்த ஓர் அம்மாள் எழுந்து உட்கார்ந்து, “ஐயோ, அந்த மருந்துக்காரர் இவர்தானே! தம்பி, எங்கே கிடைக்கும் அது?” என்று கேட்டார். அக்கா என் கைப்பேசியையும் என் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அதே குரல்தான்லா அந்தோணி. அதுல ஒண்ணு சொல்றே, இதுல ஒண்ணு சொல்றே. உனக்கே இப்ப வாய் இல்ல. நான் எந்தப் போனை நம்ப?” என்றார். இதற்குப் பதில் தங்களுக்குத் தெரிந்தால் தயவுசெய்து எழுதவும்.

விமலன் வெளியே வராந்தாவில் என் சட்டையைப் பிடித்தான். “எவ்வளவு வாங்கினீங்க மாமா?” என்று கேட்டான். அவன்மேல் எனக்குப் புகார் இல்லை. தாயின் காலைப் பார்த்துவிட்டு வந்தவன் வேறு எப்படிக் கேட்பான்?

8. என் குரலை யார் கொடுத்திருக்கக்கூடும் என்று விசாரிக்கத் தங்களுக்கு உதவியாகச் சில விவரங்கள். நான் யாரையும் குற்றம் சாட்டவில்லை.

(அ) கல்யாண வீடியோ எடுக்கும் ஹரிதாஸ். என் குரல் உள்ள எல்லாக் கல்யாணமும் அவரிடம் இருந்தது. கேட்டால், “அண்ணே, அந்த ஹார்ட் டிஸ்க் போன வருசமே செத்துப் போச்சுண்ணே” என்கிறார். செத்ததைக் காட்டச் சொன்னேன். குப்பையில் போட்டுவிட்டாராம். அவர் அண்மையில் புது வேன் வாங்கியிருப்பதை நான் இங்கே குறிப்பிட விரும்பவில்லை.

(ஆ) கோயில் நிர்வாகத்தின் முகநூல் பக்கம். போன வருடங்களின் திருவிழா நேரலைகள் அதில் அப்படியே கிடக்கின்றன. காணொளியில் நான் போட்டிருக்கும் வெள்ளைச் சட்டை அந்தத் திருவிழாச் சட்டைதான். எடுத்துவிடும்படி செயலாளர் திரு. முனுசாமியிடம் எழுதிக் காட்டினேன். “பக்தர்கள் பார்க்கிறாங்க அண்ணே, எப்படி எடுக்கிறது” என்றார். எந்தப் பக்தர் பார்க்கிறார் என்பதுதான் என் கேள்வியும்.

(இ) மேற்படி செயலியை நடத்தும் நிறுவனம். என் குரலை முழுதாக, சுத்தமாக, பின்னால் மேளச் சத்தம்கூட இல்லாமல் வைத்திருப்பது அவர்கள் மட்டுமே. ஒப்பந்தத்தின் அடியில் ‘சம்மதம்’ என்ற இடத்தை எலைன்தான் அழுத்தினாள். படித்தாயா என்று கேட்டேன். “அதை யாருப்பா படிப்பா?” என்றாள். நிறுவனத்துக்குப் புகார் எழுதியதும் உடனே பதில் வந்தது. என் உணர்வுகளைப் புரிந்துகொள்வதாகவும், என் துணிச்சலைப் பாராட்டுவதாகவும், என் குரல் பத்திரமாக இருப்பதாகவும் சொன்னது. இவ்வளவு அன்பாக ஒரு மனிதன் புகாருக்குப் பதில் எழுதி நான் பார்த்ததில்லை. அந்தப் பதிலையும் ஓர் இயந்திரம்தான் எழுதியது என்று சந்தேகிக்கிறேன்.

(ஈ) என் மகள் எலைனை நான் சந்தேகிக்கவில்லை. இதை எழுதும்படி அவள் கேட்கவில்லை. இந்த விஷயம் வெளியானதிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடுவதில்லை, அதனால் நானாகவே எழுதுகிறேன்.

9. இதற்கு முன் வேறோர் அலுவலகத்தில் முறையிட்டேன். புகார் எண்ணுக்கு அழைக்கச் சொன்னார்கள். அழைத்தால், மணியோசை கேட்டபின் பெயரையும் புகாரையும் பேசவும் என்றது. எலைன் பேசினாள், திரும்ப அழைத்து, பாதிக்கப்பட்டவர்தான் பேச வேண்டும் என்றார்கள். நேரில் போய் முகப்பில் நின்று கைப்பேசிப் பொத்தானை அழுத்தினேன். அங்கிருந்த இளம் அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். “அங்கிள், மெஷின் உங்க குரல்ல பேசக்கூடாதுன்னு கம்ப்ளெய்ன் பண்ண வந்திருக்கீங்க. அதையும் மெஷினை வச்சுத்தான் பேசறீங்க. நான் எதைன்னு எழுதறது?” என்று கேட்டார். அன்று வெளியே வந்ததும் செயலியை அணைத்துவிட்டேன். இப்போது வீட்டிலும் சிலேட்டில்தான் எழுதுகிறேன்.

10. இணையக் குற்றங்களுக்கு எதிராகச் சட்டம் கடுமையாகிறது என்று பத்திரிகையில் படிக்கிறேன். எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தால் எல்லோரும் வக்கீல்தான். ஒருவர் அரசாங்கம் எல்லாரையும் ஒட்டுக் கேட்கத்தான் சட்டம் போடுகிறது என்கிறார், இன்னொருவர் நாலு பேரைப் பிடித்து உள்ளே போட்டால் சரியாகிவிடும் என்கிறார். நல்லமுத்து என்ற டாக்சிக்காரர் மட்டும் ஒரு கேள்வி கேட்டார். “என் கார் என் பேர்ல ரிஜிஸ்தர் ஆகியிருக்கு, வீட்டுப் பத்திரம், கிராண்ட், அதுவும் என் பேர்ல இருக்கு. அந்தோணி அண்ணன் குரல் யார் பேர்லலா இருக்கு?” அதற்குள் தேநீர் வந்துவிட்டது. அந்தக் கேள்வியையே தங்கள் முன் வைக்கிறேன்.

11. அந்தக் காணொளியைப் பொய்யென்று சொல்லி, செயலிக் குரலிலேயே ஒரு மறுப்பு செய்து வாட்ஸ்அப்பில் அனுப்பலாம் என்று எலைன் யோசனை சொன்னாள். வேண்டாம் என்று சிலேட்டில் எழுதிக் காட்டினேன். ஊருக்குள் ஏற்கனவே ஒரு பொய் அந்தோணி சுற்றுகிறான். இன்னொருவனையும் அனுப்பினால், எது யாரென்று எனக்கே தெரியாமல் போய்விடும்.

ஆகவே தாங்கள் தயவுசெய்து கவனிக்க வேண்டியவை: அந்தக் காணொளி எங்கிருந்து வருகிறது என்று கண்டுபிடித்து நிறுத்தவும். மேற்கண்டவர்களை விசாரிக்கவும், ஹரிதாஸின் வேனையும் ஒரு பார்வை பார்க்கவும்.

எல்லாவற்றுக்கும் முன்னால், அடுத்த வெள்ளிக்கிழமைக்குள், திருமதி கமலவேணி பெயருக்கு ஒரு கடிதம் வேண்டும். அன்று அவரை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். அந்தத் துளிப் புட்டி இன்னும் அவர் வீட்டு ஐஸ்பெட்டியில் இருக்கிறது. டாக்டர் ஆயிரம் சொன்னாலும் மைக்கில் அந்தோணி சொன்னதுதான் உண்மை என்று, வீட்டுக்குப் போனதும் ஊசியை நிறுத்தப்போவதாகத் தாதியிடம் சொல்லிவிட்டார். எடுத்துக் கொட்டு என்றால் விமலன் தாயின் பேச்சை மீறமாட்டேன் என்கிறான். கடிதம் பெரிய எழுத்தில், நாலே வரியில், தமிழில் இருக்கட்டும். அது அந்தோணி இல்லை, ஊசியை நிறுத்தாதீர்கள் என்று இருந்தால் போதும். அடியில் அரசாங்க முத்திரை பளிச்சென்று தெரிய வேண்டும். என் குரலுக்கு அடுத்தபடியாக அக்கா நம்புவது முத்திரையைத்தான். கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசிக்க அவருக்கு நேரமாகும். நான் பக்கத்தில் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பேன்.

கடைசியாக ஒன்று. இந்த மனு தங்கள் மேசைக்கு வந்தது தெரிந்தால், மருந்து விற்கிறவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று சந்தேகிக்கிறேன். தங்களுக்கு ஒரு தொலைபேசி அழைப்பு வரலாம். அந்தோணிராஜ் பேசுகிறேன், புகாரை மீட்டுக்கொள்கிறேன், எல்லாம் தவறுதலாக நடந்துவிட்டது என்று அச்சு அசலாக என் குரலில் சொல்லலாம். தங்களிடம் அழலாம், முருகன் மேல் சத்தியமும் செய்யலாம்.

ஐயா, அது நானில்லை. நான் இனிமேல் யாரையும் கூப்பிட மாட்டேன். என்னிடம் ஏதாவது கேட்க வேண்டுமானால் ஆள் அனுப்புங்கள், கடை வாசலில் சிலேட்டோடு இருப்பேன்.

இடம்: சிம்பாங் அம்பாட்
நாள்: 9 ஜூன் 2025

தங்கள் முத்திரைக்காகக் காத்திருக்கும்,

(கையொப்பம்)
ச. அந்தோணிராஜ்

இணைப்பு: அ. மருத்துவச் சான்று. ஆ. காணொளி, என் மகளின் பென் டிரைவில். (பார்க்கும்போது சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொள்ளவும். பக்கத்து அறையில் யாருக்காவது இனிப்பு நீர் இருக்கலாம்.)