பீரோவில் இருந்த கோட்டு

ஏங்க,

தோசை மாவு ஃபிரிட்ஜ்ல இருக்கு. கேஸ் வரும், சாவியைப் பக்கத்து வீட்டு சபீனாக்காகிட்ட குடுத்துட்டுப் போங்க.

“பொம்பளைக்கு எதுக்குடி கோட்டு, சூட்டு?”ன்னு போன வாரம் கேட்டீங்க. அதுக்குப் பதில் இப்ப சொல்றேன். போன மாசம் மீட்டிங்குக்குப் புடவையிலதான் போனேன். வந்தவங்க என்னைப் பார்த்து, “நாலு காப்பி கொண்டு வாம்மா, மேனேஜர் எப்ப வருவார்?”ன்னாங்க. அந்த மேனேஜர் நான்தான். காப்பியும் நான்தான் கொண்டு போனேன்.

அகல்யா

பி.கு.: பீரோவுல உங்க கோட்டைத் தேடாதீங்க. நம்ம ரிசப்ஷனுக்கு அப்புறம் நீங்க அதைத் தொடவே இல்ல, இப்ப பட்டனும் போட வராது. கரையான்சாவடி டெய்லர்கிட்ட குடுத்து என் அளவுக்குப் பிடிச்சு வாங்கிட்டேன். அதைப் போட்டுக்கிட்டு நீங்க மேடையில நின்னப்ப, ஒருத்தரும் உங்களைக் காப்பி கொண்டு வரச் சொல்லல.