எல்லையை இறக்கும் வரி

மார்ச் 4, செவ்வாய்

நோயாளிக்கு மருந்து ஏற்றும் எங்கள் கருவியின் கெர்னலை, மற்ற நிரல்களை ஆளும் மைய மென்பொருளை, இன்று படித்தேன். ஒரு நிரல் எந்த நினைவக முகவரி வரை கை நீட்டலாம் என்று கெர்னல் ஓர் எல்லை வைத்திருக்கிறது. நிரல்கள் கெர்னலிடம் வேலை கேட்கும் அழைப்பை, அதாவது 'சிஸ்டம் கால்' ஒன்றை, கோப்பு திறக்கக் கெர்னலே பயன்படுத்த வேண்டி வந்தால், அந்த எல்லையை உயர்த்திவிட்டு, வேலை முடிந்ததும் இறக்க வேண்டும். இங்கே கோப்பு திறக்காமல் போனால் இறக்காமலே திரும்பிவிடுகிறது. அதன்பின் அந்த நிரல் கெர்னலுக்குள்ளேயே எழுதலாம், மருந்தின் அளவைக்கூட மாற்றலாம். நல்லவேளை, கண்ணில் பட்டது. இறக்கும் வரியைச் சேர்த்துவிட்டேன்.

மார்ச் 5, புதன்

அந்த வரியைக் காணோம். மாற்றங்களின் பதிவில் மாற்றியவர் இடத்தில் சோடாபுட்டியின் பெயர். பக்கத்து இருக்கைக்காரர், நான் அண்ணா என்று கூப்பிடுகிறவர். கேட்டேன். "நான் அந்தப் பக்கமே போகலம்மா" என்றார், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே. ஏன் என் முகத்தைப் பார்க்கவில்லை? மறுபடி சேர்த்தேன்.

மார்ச் 7, வெள்ளி

மறுபடி இல்லை. மறுபடி அவர் பெயர்.

யாருக்கோ வழி விட்டுவைக்கிறாரா? போன் வந்தால் மாடிப்படிக்குப் போய்க் குசுகுசுவென்று பேசுகிறார். போன வாரம் பால்காரர் மேல் சந்தேகம், இந்த வாரம் இவர் மேலா என்று வீட்டில் கணவர் சிரிக்கிறார். என் கணவருக்கு எதுதான் சிரிப்பில்லை?

மார்ச் 10, திங்கள்

மேலாளரிடம் சொல்லிவிட்டேன். அவர் பதறவில்லை. வேறு யாருக்குத் தெரியும் என்றுதான் முதலில் கேட்டார். யாருக்கும் தெரியாது என்றேன். நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார்.

மார்ச் 12, புதன்

சோடாபுட்டியை வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள். அவர் மகளுக்கு அறுவை சிகிச்சையாம். மாடிப்படிப் பேச்செல்லாம் ஆஸ்பத்திரியோடுதான் என்று வரவேற்பில் இருக்கும் அக்கா சொன்னார். போகும்போது அண்ணா என்னிடம் வந்தார். "நீயாவது நம்புவேன்னு நெனச்சேன்மா." நான் என்ன பண்ணியிருக்கணும்? அவர் பேர்தானே இருந்துச்சு —

வரியை மறுபடி சேர்த்தேன்.

மார்ச் 13, வியாழன்

வரி இருக்கிறது. அப்படியென்றால் அவர்தான்.

மார்ச் 18, செவ்வாய்

கருவிகள் நாளை மருத்துவமனைகளுக்குப் போகின்றன. எதற்கும் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று திறந்தேன். வரி இல்லை. மாற்றியவர் இடத்தில் என் பெயர்.

மேலாளரிடம் போகவில்லை; வேறு யாருக்குத் தெரியும் என்று முதலில் கேட்டவர் அவர்தானே. தெருவுக்கு இறங்கி அண்ணாவுக்குப் போன் போட்டேன். எப்படி ஆரம்பிப்பது என்று நான் தடுமாறுவதற்குள் அவரே கேட்டார்.

"இப்ப உன் பேரு வந்திருக்கா?"