பருவ வாழ்த்து இல்லாத கடிதம்

அன்புள்ள முதல் பெஞ்சுக்கு,

கடைசி பெஞ்ச் எழுதுவது. நலம் என்று ஆரம்பித்தால் முதல் வரியிலேயே பொய் சொன்னதாகிவிடும், அதனால் விட்டுவிட்டேன். இந்த மாதம் உன்னை மூன்று முறை அழைத்தேன். மூன்று முறையும் ஜப்பானில் மழை எப்படி, ஆய்வேடு எத்தனை பக்கம் வந்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். டைப் செய்தால் அழித்துக்கொண்டே இருப்பேன். அதனால்தான் பேனாவால் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறேன். அடித்த வரிகள் அடித்தபடியே இருக்கட்டும்.

உன் அப்பா இப்போதெல்லாம் வீடியோவில் இடது கையால் டாட்டா காட்டுகிறார் என்று போன ஞாயிற்றுக்கிழமை சிரித்தாயே. வலது தோளில் பிடிப்பு என்று அவர் சொன்னதை நம்பியும் விட்டாய். பிடிப்பு எதுவும் இல்லை. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும், கம்பெனியில் தகடு அழுத்துகிற பிரஸ்ஸில் போய்விட்டன. இன்றோடு இருபத்தாறு நாள் ஆகிறது. காயம் ஆறிவருகிறது, காய்ச்சல் இல்லை, நன்றாகச் சாப்பிடுகிறார். முதலில் அதை மனதில் வாங்கிக்கொள். நீ ஆய்வேட்டைக் கொடுத்து முடிக்கும்வரை மூச்சுவிடக் கூடாது என்று அவரும் அம்மாவும் என்னிடம் சத்தியம் வாங்கினார்கள். அந்தச் சத்தியத்தை இப்போது உடைக்கிறேன். விரல்கள் போனதற்கு நான்தான் காரணம் என்று அவர்கள் இருவருக்குமே தெரியாது.

நீ கிளம்பிய பிறகு கம்பெனியில் மொழிபெயர்ப்பு வேலையை எனக்கு வாங்கித் தந்ததே உன் அப்பாதான். "என் பொண்ணோட சேர்ந்து ஜப்பானீஸ் எம்.ஏ. படிக்கிற பொண்ணு சார், ஜப்பான்காரனே தோத்துடுவான்" என்று மேனேஜரிடம் அளந்துவிட்டாராம். புது பிரஸ்ஸைப் பொருத்த ஜப்பானிலிருந்து வந்த கண்ணாடிக்காரப் பொறியாளர் பத்து நாள் இங்கே இருந்தார். கடைசி நாளில் அவருடைய மேலதிகாரியும் வந்தார். ஷெட்டில் எல்லோரும் வரிசையாக நின்றோம். நன்றி, பாராட்டு, மறுபடியும் நன்றி. பிறகு தொழிலாளர்கள் யாராவது ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று மேலதிகாரி கேட்டார். அது வெறும் சம்பிரதாயம் என்று எனக்குத் தெரியும். உன் அப்பாவுக்குத் தெரியாது. கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து சொன்னார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "சார், கை உள்ள போனா மெஷின் தானா நிக்கணும். பத்து தடவைக்கு ஒரு தடவை நிக்க மாட்டேங்குது. இதைச் சரி பண்ணாம ஓட்டினா எவனாவது ஒருத்தன் கை போயிடும்."

எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். நான் கண்ணாடிக்காரரின் முகத்தைப் பார்த்தேன். அவர் பொருத்திய யந்திரத்தின் குறையை, அவருடைய மேலதிகாரிக்கு முன்னால் வைத்துச் சொல்வதா? மேலதிகாரிக்கு எதிரில் ஒருவருடைய குறையைப் பேசாதே, பிறகு தனியாகச் சொல் என்று ஜப்பானியப் பண்பாட்டுத் தாளில் எத்தனை முறை படித்தோம். அந்தத் தலைப்பில் கருத்தரங்கக் கட்டுரை படித்து மேடத்திடம் கைதட்டல் வாங்கியவள் நான். படித்தது பலித்துவிட்டது போ. யந்திரம் மிக நன்றாக இருக்கிறது, நிறையக் கற்றுக்கொண்டோம், தொடர்ந்து வழிகாட்ட வேண்டும் என்று இவர் கேட்டுக்கொள்கிறார் என்றேன்.

கண்ணாடிக்காரர் இடுப்புவரை குனிந்து வணங்கினார். விடுதியில் பீரோக் கண்ணாடிக்கு எதிரே கோணமானியை வைத்துக்கொண்டு பயிற்சி செய்தோமே, அதில் ஆக ஆழமான வணக்கம். உன் அப்பாவும் பதிலுக்குக் குனிந்தார், நீ சொல்லிக்கொடுத்தபடி, கைகளைத் தொடையோடு சேர்த்து. அன்று வீட்டுக்குத் திரும்பும்போது பஸ்ஸில் என்னிடம், "பார்த்தியாம்மா, எவ்வளவு பெரிய படிப்பாளி, தப்பை ஒத்துக்கிட்டு என் முன்னாடி குனியறாரு. மனுஷன்னா இப்படி இருக்கணும்" என்றார். ஆமாம்ப்பா என்றேன். இந்தக் கடிதத்தில் எழுதக் கூசுகிற சொற்கள் இவைதான்.

மறைக்க வேண்டும் என்று நான் நினைக்கவில்லை, இதையாவது நம்பு. மறுநாளே கண்ணாடிக்காரருக்குத் தனியாக எழுதிவிடலாம் என்றுதான் இருந்தேன். உட்கார்ந்தேன். ஜப்பானியக் கடிதம் என்றால் பருவத்தைப் பற்றி ஒரு வரியோடு தொடங்க வேண்டுமே. பூக்களைப் பற்றி எழுதினேன். அவர் ஊரில் அதற்குள் பூ உதிர்ந்திருக்கும் என்று மாற்றினேன். இளந்தளிர் என்று போட்டேன், மாணவி எழுதுவதற்கு அது அதிகப்பிரசங்கித்தனமோ என்று எடுத்தேன். இடையில் பருவத்தேர்வு வந்தது. அந்தப் பாதிக் கடிதம் இன்னும் என் கணினியில் கிடக்கிறது. நான்கு தொடக்கங்கள் இருக்கின்றன. கை உள்ளே போனால் யந்திரத்தை நிறுத்த வேண்டிய சென்சார், அந்தச் சொல் ஓர் இடத்தில்கூட இல்லை. நான் பூவா தளிரா என்று பார்த்துக்கொண்டிருந்த பத்தொன்பது நாளும் அந்த யந்திரம் ஓடிக்கொண்டிருந்தது.

உன் அப்பாவோ காத்துக்கொண்டிருந்தார். புது சென்சார் வருகிறது, கண்ணாடிக்காரரே ஒத்துக்கொண்டார், அதுவரை பார்த்து ஓட்டுங்கள் என்று எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். அன்று ஒரு தகடு சிக்கிக்கொண்டது. பையன்களை விலகச் சொல்லிவிட்டுத் தானே எடுக்கக் கை வைத்தார். பத்தில் அந்த ஒரு தடவை.

மருத்துவமனையில் என்னைப் பார்த்ததும், "அந்த இன்ஜினியர் மேல கோவப்படாதேம்மா, அங்க அவருக்கு ஆயிரம் வேலை இருக்கும், மறந்திருப்பாரு" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். நான் தண்ணீர் பிடித்து வருகிறேன் என்று வெளியே வந்து, வராந்தாவில் வெகுநேரம் நின்றேன். கையிலிருந்த பாட்டிலில் ஏற்கெனவே தண்ணீர் நிறைந்திருந்தது.

இப்போது விசாரணை நடக்கிறது. குறையை யாரும் தெரிவிக்கவில்லை, ஃபிட்டரான உன் அப்பாவின் கவனக்குறைவு என்று அறிக்கை தயாராகிவிட்டது. அதற்கு ஆதாரம் அன்றைய கூட்டக் குறிப்பு. அதில் உன் அப்பாவின் பெயருக்கு எதிரே 'நன்றி தெரிவித்தார்' என்று இருக்கிறது. அந்தக் குறிப்பை எழுதியதும் நான்தான். எல்லோர் முன்னாலும் சொன்னேன் என்று அவர் சொல்லியிருக்கிறார். வரிசையில் நின்றவர்களுக்கு வேலை பயம், சரியாகக் காதில் விழவில்லை என்கிறார்கள். இருபத்தைந்து வருடம் அங்கே உழைத்த மனிதரைக் கேன்டீனில் புளுகுமூட்டை என்கிறார்கள். வெள்ளிக்கிழமை என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். நேற்று வீட்டுக்குப் போனபோது அவர், "பயப்படாதேம்மா, அன்னைக்கு அவங்ககிட்ட என்ன சொன்னியோ அதையே சொல்லு, அது போதும்" என்றார். இடது கையால் எனக்கு டீ எடுத்துக் கொடுத்தார். அதைக் குடித்தும் விட்டேன்.

சொல்லத்தான் போகிறேன். மேல்படிப்புக்குக் கண்ணாடிக்காரர் எனக்குக் கொடுத்த சிபாரிசுக் கடிதத்தையும் திருப்பி அனுப்புகிறேன். 'பிறர் மனம் நோகாமல் பேசும் நுட்பம் தெரிந்தவர்' என்று அதில் பாராட்டியிருக்கிறார். அதை வைத்துக்கொள்ள எனக்கு முகமில்லை. உன் வீட்டுக்கும் வியாழக்கிழமையே போய் அப்பா அம்மா இருவரிடமும் சொல்லிவிடுவேன். வேறு யார் சொல்லியும் அவர்களுக்குத் தெரியவரக் கூடாது.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும், கேட்கிற தகுதி இல்லை என்று தெரிந்தும். கண்ணாடிக்காரருக்கும் அவருடைய மேலதிகாரிக்கும் ஜப்பானிய மொழியில் ஒரு கடிதம் எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பருவம் இல்லை, பூ இல்லை, நடந்தது மட்டும் இருக்கிறது. நடுவில் ஓர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். உன் அப்பா அன்று சொன்னது அங்கே வர வேண்டும். ஒன்பது முறை எழுதிப் பார்த்துவிட்டேன், ஒவ்வொரு முறையும் என் கை அதைக் குழைத்துவிடுகிறது. எனக்கு இனி என்மேல் நம்பிக்கை இல்லை. அதை நீ எழுது. முதலில் அப்பாவை அழைத்து, போனைக் கொஞ்சம் கீழே இறக்கிக் கையைக் காட்டச் சொல். பார்த்துவிட்டு எழுது. வியாழக்கிழமைக்குள் அனுப்பிவிடு.

என்னைத் திட்டுவதாக இருந்தால் நம் மொழியிலேயே திட்டு. மரியாதை பார்க்காதே. என்னை மன்னிக்கவும் வேண்டாம். அவர் சொன்ன அந்த மூன்று வரியை மட்டும், அவர் சொன்ன மாதிரியே சொல்லிவிடு.

இப்படிக்கு,
உன் வீட்டில் டீ குடித்த
கடைசி பெஞ்ச்