சாமி அறைக் கூரை

ஜனவரி 6, செவ்வாய்
வேலையால் வந்து சப்பாத்துக் கழட்ட முன்னமே மனுசன் மேலே நின்று கத்துறார். லொஃப்டில், கூரைக்குள் ஜன்னல் வைச்சு அண்ணை கட்டித்தந்த டோமர் அறை ஒழுகுது. அதுதான் எங்கட சாமி அறை. முருகன் படத்துக்கு மேலே சீலிங் மஞ்சளாய் ஊறிப் பொம்மி நிக்குது.

வெளியில் போய் நிமிர்ந்து பார்த்தன். எங்கட ரெய்னர்ஸ் லேன் தெருக்கள் முழுக்கக் கூரைகளில் பனி அப்படியே கிடக்க, எங்கட டோமரில் மட்டும் உருகி வந்து, ஓரத்தில் தண்ணி ஓடுற பீலியில் திரும்பக் கட்டியாய் உறைஞ்சிருக்கு. பின்னால் வாற தண்ணிக்குப் போக வழியில்லை, உள்ளே இறங்குது. ஏன் எங்களுக்கு மட்டும்?

ஜனவரி 8, வியாழன்
அண்ணை கிங்ஸ்பரி வீட்டில் இருந்து ஏணியோடு வந்தார். "சீலிங்கை ஒருக்காத் திறந்து பாப்பம் சுஜீத்" என்றார். இவர் விடவில்லை. "நீங்கள் கைவைச்சது காணும்." அண்ணை தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

ஜனவரி 11, ஞாயிறு
ஐயோ, என்ன வாய் இந்த மனுசனுக்கு! என்ர சிநேகிதி யசோதினியின்ர மகளின்ர பிறந்தநாளில், ஒரு மேசைச் சனத்துக்கு முன்னால்: "சொந்தமெண்டு வேலையைக் குடுத்தால் இப்பிடித்தான் தலையிலை மிளகாய் அரைப்பாங்கள். கள்ள வேலை."

அண்ணை பின்னுக்கு நின்று கேட்டுக்கொண்டு நின்றவர். ஜக்கெட்டை எடுத்துக்கொண்டு போனார். எனக்கு நிலம் பிளந்து உள்ளே போனால் காணும் போல இருந்தது.

ஜனவரி 12
அண்ணை போன் எடுக்கிறார் இல்லை.

ஜனவரி 20, செவ்வாய்
எங்கட மகள் தனுஷியா பெரியபிள்ளையானதுக்கு அடுத்த மாதக் கடைசியில் சாமத்தியவீடு. ஹோல் பிடிச்சாச்சு, சனத்துக்கும் சொல்லியாச்சு. தாய்மாமன் தண்ணி வார்க்காமல் என்ன சாமத்தியவீடு? எனக்கு இருக்கிறது ஒரே ஒரு அண்ணை. இவர் சோத்தைப் பிசைஞ்சுகொண்டு சொல்றார், "என்ரை தம்பி வார்ப்பான்" என்று. சித்தப்பன் எப்பவடா மாமனானான்? கோப்பையைத் தூக்கி எறியாததுதான் குறை.

அண்ணை உண்மையிலேயே பிழையாய்க் கட்டிப்போட்டாரோ? இப்படி நினைக்கிற என்னையும் எனக்குப் பிடிக்கவில்லை.

ஜனவரி 31, சனி
இவர் ஷிப்டுக்குப் போன பிறகு அடுத்த தெரு பத்ரிநாராயணன் சாரைக் கூப்பிட்டன். தமிழ்நாட்டுக்காரர், கட்டிட எஞ்சினியர். சாமி மேடைக்குப் பின்னால் இருக்கிற சின்னக் கதவைத் திறந்து, கூரைச் சரிவுக்குள் தவழ்ந்து போனார்.

"பழைய துணி மாதிரி என்னமோ அடைச்சிருக்கும்மா!"

கூரை ஓரத்துக் காத்துத் துவாரம் ஒவ்வொன்றிலும் துணி. "ஆமா, இதான் காரணம். வீட்டுச் சூடு கொஞ்சம் மேல ஏறத்தான் செய்யும். சூடு காக்க விரிச்ச கம்பளிக்கு மேல குளிர்காத்து ஓடினா அதைக் கொண்டு போயிடும். இங்க ஓட விடல. சூடு தங்கி, மேல பனி உருகி, ஓரத்துல உறைஞ்சிருக்கு. கட்டினவர் ஒழுங்காத்தான் கட்டியிருக்கார்."

துணியை உதறினன். இவரின்ர ரீசேட். எத்தனை தரம் தோய்ச்சிருப்பன், எனக்குத் தெரியாதா?

பெப்ரவரி 1, ஞாயிறு
ரீசேட்டை இவருக்கு முன்னால் மேசையில் போட்டன். முகம் செத்துப்போச்சு.

கந்தசஷ்டிக்கு ஆறு நாளும் அணையாமல் விளக்கு வைச்சவர். ரெண்டாம் நாள் அந்தச் சின்னக் கதவுக்குள்ளாலே வந்த காத்தில் அணைஞ்சுபோச்சாம். அபசகுனம் என்று பயந்து, ஒருத்தருக்கும் சொல்லாமல் துவாரமெல்லாம் அடைச்சாராம். "அது இப்பிடித் தண்ணியாய் வருமெண்டு எனக்கென்ன தெரியும் சுவர்ணா?"

தெரியாதது பிழையில்லை. வாய்? அந்த வாய்?

"மச்சானுக்குச் சொல்லிப்போடாதை" என்றார். நான் சொல்லமாட்டன். சொல்ல வேண்டியது நானில்லை. "நீங்கள் போய்ச் சொல்லுங்கோ. இல்லாட்டில் ஹோலை வேண்டாமெண்டு விடுங்கோ" என்றுபோட்டுப் படுத்திட்டன்.

பெப்ரவரி 15, ஞாயிறு
வெத்திலைத் தட்டோடு ரெண்டு பேரும் கிங்ஸ்பரிக்குப் போனம். நான் இவரையே பார்த்தபடி இருந்தன். இவர் கார்ப்பெற்றைப் பார்த்துக்கொண்டு, "வாற சனி இல்லை, அடுத்த சனிக்கிழமை ஒம்பதுக்கு மாமன் நிக்கவேணும்" என்றார். அவ்வளவுதான்!

அண்ணை, "ஓம், பிள்ளைக்காக வாறன்" என்றார். பிள்ளைக்காக.

மார்ச் 1, ஞாயிறு
நேற்று நடந்து முடிஞ்சது.

அண்ணை நேரத்துக்கு வந்தார். பட்டுவேட்டி. தனுஷியாவின் தலையில் தண்ணி வார்த்தார். பிள்ளை சிரிச்சாள், அவரும் சிரிச்சார். நான் அழுதுபோட்டன், படம் எடுக்கிறவன் திட்டினான்.

சாப்பாட்டுக்குச் சனம் இருக்க அண்ணையைக் காணவில்லை. ஜன்னலாலே பார்த்தன், கார் பார்க்கில் தன்ர வான் வண்டியில் ஏறுறார். மாமன் சாப்பிடாமல் போறார்! இனி எங்கட வாசல் மிதிக்கமாட்டார் என்று எனக்கு விளங்கிச்சு.

திரும்பினால் இவர் பந்தியில் நின்று தட்டில் சோறு போடுறார். அண்டைக்குப் பிறந்தநாள் மேசையில் இருந்த ஆக்கள் முழுப்பேரும் அங்கேதான். "காத்துத் துவாரத்தை அடைச்சது நான். மச்சானில் ஒரு பிழையுமில்லை" என்று எல்லாருக்கும் கேக்கச் சொன்னார். அந்தச் சனத்துக்கு ஒண்டும் விளங்கியிராது, யசோதினி மட்டும் கறிக் கரண்டியோடு அப்படியே நின்றாள். இவர் தட்டோடு வெளியில் ஓடினார்.

வான் வெளிக்கிடவில்லை. கண்ணாடி இறங்கிச்சு. என்ன கதைச்சினமோ. பாயசம் முடிஞ்சு, சனம் கை கழுவி, தனு ரெண்டாவது சாறி மாத்தி வந்த பிறகுதான் இவர் உள்ளே வந்தார். கண் சிவந்திருந்தது.

"மச்சான் இன்னும் கொஞ்சம் கத்தரிக்காய் கேக்கிறார்" என்றார்.