வெர்லின் பூட்டிய ஹிட்ச்

அன்புள்ள மார்லிஸ்,

நம் பிக்கப்பின் முன்பக்கத்தில், படகு டிரெய்லரை மாட்டும் ஹிட்ச் பூட்டியாகிவிட்டது என்று உன் தம்பி கர்டிஸ் நேற்று போனில் சொன்னான். பூட்டியவன் பக்கத்து வீட்டு வெர்லின். உன் கழுத்து வலி குறைந்ததா? நான் நலம்.

பின்னால் திரும்பிப் பார்க்காமல், முன்னால் பார்த்தே தள்ளி நீ படகை ஏரியில் இறக்க வேண்டும் என்று, பம்பரை வெட்டாமல் பொருந்தும் ஹிட்சாகத் தேடி வாங்கியவன் நான். அது இரண்டு வருடம் கராஜில் பெட்டியோடு கிடந்ததும் என்னால்தான்.

"வெர்லினுக்கு நாப்பதே நிமிஷம், மச்சான். உங்களுக்கு ரெண்டு வருஷம் பத்தல. அக்கா அவருக்கு ஆப்பிள் கேக் சுட்டுக் குடுத்தா" என்றான் கர்டிஸ்.

நான் வேலை பார்க்கும் இந்த எண்ணெய் வயலில் டப்பா உணவுதான். எனக்கும் ஒரு துண்டு எடுத்து வை.

நூறு மைல் ஓடியதும் போல்ட்டுகளை மறுபடி இறுக்க வேண்டும். அது மட்டும் பாக்கி. அதற்கு வெர்லினைக் கூப்பிடாதே. பதினான்காம் தேதி நான் வருகிறேன்.

ஷிஃப்ட் வண்டி வந்துவிட்டது.

உன் லோவெல்