நெட்டை அணைத்து வைத்தவர்

மார்ச் 9, திங்கள்

வந்து சேர்ந்தோம். அறை சின்னது. ஜன்னலைத் திறந்தால் எதிர்க் கட்டடத்தின் ஏசிப் பெட்டிகள் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கின்றன.

பைகள் கண்காட்சிக்கு என்னை அழைத்து வந்திருப்பவர் எங்கள் மேனேஜர். ஆபீசில் அவருக்குச் சாவிக்கொத்து என்று பெயர். ஸ்டோர் ரூம், சாம்பிள் ரூம், டீத்தூள் அலமாரி என்று எல்லாச் சாவியும் அவர் இடுப்பில்தான். விமான நிலையத்தில் சிம் கடையைப் பார்த்து நின்றேன். "எதுக்கும்மா தண்டம்? ஆபீஸ்ல வைஃபை டப்பா குடுத்திருக்காங்க. ரெண்டு பேருக்கும் அதுவே போதும்" என்றார். உள்ளங்கை அளவு டப்பா, அவர் சட்டைப் பையில். என் பாஸ்போர்ட்டும் "பத்திரமா இருக்கட்டும்" என்று அவர் அறைப் பெட்டகத்துக்குள் போய்விட்டது.

அம்மாவிடம் பேசினேன். அடுத்த வாரம் ஆபரேஷன். குரல்வளையையே எடுத்துவிடப் போகிறார்கள். சனிக்கிழமை நான் ஊர் திரும்பியதும், ஞாயிறு முழுக்க அவள் பேசுவது, நான் கேட்பது என்று ஒப்பந்தம். "இருக்கற குரல் மொத்தத்தையும் உன்னத் திட்டித் தீத்துடறேன், தயாரா இரு" என்றாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஊருக்கெல்லாம் லைன் போட்டுக் கொடுத்தே ஓய்வு பெற்றவள். குரல் கட்டைபோல ஆகிவிட்டது. அதட்டல் மட்டும் குறையவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

சாவிக்கொத்து காபி குடிக்கப் போனால் என் நெட்டும் கூடவே காபி குடிக்கப் போகிறது. ஓட்டலில் கீழே வரவேற்பறையில் மட்டும் வைஃபை கிடைக்கிறது, அறையில் இல்லை. "அம்மாகிட்ட பேசிட்டிருந்தேன் சார், பாதில கட்டாயிடுச்சு" என்றேன். "கொஞ்ச நேரம் நெட் இல்லன்னா உசுரா போயிடும்?" என்றார். சிரித்து வைத்தேன்.

மார்ச் 11, புதன்

எழுத முடியவில்லை.

மார்ச் 12, வியாழன்

எழுதித்தான் ஆக வேண்டும். இல்லாவிட்டால் வெடித்துவிடுவேன்.

நேற்று காலையிலிருந்தே நெட் இல்லை. கேட்டதற்கு "டப்பா சூடாயிடுச்சு, அணைச்சு வெச்சிருக்கேன்" என்றார். மதியம் எங்கள் பைகளை வாங்க வந்த ஒரு பெரிய கம்பெனி அம்மாவுடன் மீட்டிங். நான் தைத்த முதுகுப் பையை அவர் உள்பக்கம் வெளிப்பக்கமாகத் திருப்பிப் பார்த்தார். ஜிப்பைத் திரும்பத் திரும்ப இழுத்தார். "அருமை" என்றார். நான் சிரித்தேன். அந்த நேரத்தில் நான் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டு நின்றிருக்கிறேன்.

சாயங்காலம் ஓட்டல் வரவேற்பறைக்குள் கால் வைத்ததும் போன் துடித்தது. அக்காவின் அழைப்புகள், வரிசையாக. கூப்பிட்டேன்.

"எங்கடி போய்த் தொலஞ்ச? அம்மாவுக்கு மூச்சுத் திணறிடுச்சு. இன்னிக்கே எடுத்தாகணும்னுட்டார் டாக்டர். எடுத்துட்டாங்க. உசுருக்கு ஒண்ணுமில்ல."

எடுத்துவிட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை இல்லை. இனி எந்தக் கிழமையும் இல்லை.

"உன்னையேதான் கேட்டுக்கிட்டிருந்தா. போன்ல பேசிப் பதிவு பண்ணி வையேன்மா, அவ அப்புறமா கேக்கட்டும்னு சொன்னேன். மாட்டேனுட்டா. அவ ஊம் கொட்டினாத்தான் எனக்குப் பேச்சு வரும்னா."

"கடைசியா என்ன சொன்னா?"

"ஸ்ட்ரெச்சர்ல தள்ளிக்கிட்டுப் போறாங்க. என் கையப் பிடிச்சுக்கிட்டு, இன்னும் ஒரு தடவ போட்டுப் பாருன்னா."

அதுதான் என் அம்மாவின் கடைசிக் குரல். இன்னும் ஒரு தடவ போட்டுப் பாரு.

அப்புறம் அக்கா சொன்னாள்: "உங்க ஆபீசுக்கும் போன் பண்ணினேனே! ரிசப்ஷன் பொண்ணு, மேனேஜர்கிட்டயே சொல்லிட்டேன்னாளே!"

போய் அவர் அறைக் கதவைத் தட்டினேன். தோளில் துண்டோடு வந்து நின்றார். மறைக்கக்கூட இல்லை. "சொன்னா நீ அழுவ. அழுத மூஞ்சிய வெச்சுக்கிட்டு எப்படி சாம்பிள் காட்டுவ? மீட்டிங் முடியட்டும்னு பாத்தேன். ஆபரேஷன்தான் நல்லபடியா முடிஞ்சிருச்சில்ல? அப்புறம் என்ன?"

அப்புறம் என்னவா? அப்புறம் என்னவாம்! பாவி. தகவல் வந்த பிறகு கையால அமுக்கி அணைச்சிருக்கான். எங்கம்மா அங்க போனப் பாத்துக்கிட்டே கெடந்திருக்கா, இவன் சட்டப் பைக்குள்ள டப்பா தூங்கியிருக்கு. எனக்கு இவன் அழணும். சத்தம் போட்டு அழணும். அத நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்.

— பிற்பகல்

"பாஸ்போர்ட் குடுங்க" என்றேன். 'சார்' போடவில்லை. கொடுத்துவிட்டார்.

ரயில் நிலையத்து வாசலில் சிம் வாங்கினேன். கடைப்பெண்ணுக்குச் சிம் தட்டைத் திறக்கும் கம்பி அகப்படவில்லை. என் தோட்டைக் கழற்றி அதன் காம்பால் குத்தினேன், திறந்துகொண்டது. இவ்வளவுதான் வேலை. விமான நிலையத்திலேயே செய்திருக்கலாம்.

அக்கா வீடியோவில் அம்மாவைக் காட்டினாள். கழுத்தில் குழாய். என்னைப் பார்த்ததும் உதடு அசைந்தது, நீளமாக என்னவோ சொன்னாள். சத்தம் வரவில்லை. நெட் சரியில்லையோ என்று ஒரு கணம் போனைத் தட்டினேன்.

மார்ச் 13, வெள்ளி

செய்துவிட்டேன்.

இன்று விலை பேசி முடிக்க அந்தக் கம்பெனி அம்மாவின் ஆபீசுக்கே போக வேண்டும். நகரத்தின் மறுகோடி. காலையில் சாவிக்கொத்து முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தார். ராத்திரியெல்லாம் படம் பார்த்து டப்பாவின் டேட்டாவைக் காலி பண்ணியிருக்கிறார். "உன் ஹாட்ஸ்பாட்டக் கொஞ்சம் போட்டு விடும்மா."

"அதுக்கென்ன சார்" என்றேன். அவ்வளவு இனிமையாக நான் யாரிடமும் பேசியதில்லை.

அதன்பிறகு கன்றுக்குட்டி மாதிரி என் பின்னாலேயே வந்தார். வேண்டுமென்றே வேகமாக நடந்தேன். சிக்னல் போனதும் "எங்கம்மா போற?" என்று மூச்சிரைக்க ஓடி வந்தார். இறங்கும் நிலையம், முகவரி, விலைப்பட்டியல் எல்லாம் அவருடைய மெயிலில்தான். பார்த்து எழுதி வைத்துக்கொள்ளும் பழக்கமும் கிடையாது.

ரயில் மாறும் இடத்தில் நான் ஏறிவிட்டேன். அவர் போனைப் பார்த்தபடி இரண்டடி பின்னால். கதவு மூடத் தொடங்கியது. கை வைத்திருந்தால் நின்றிருக்கும். வைக்கவில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் நிமிர்ந்தார். அவர் பார்க்கும்படி போனை உயர்த்தி, ஹாட்ஸ்பாட்டை அணைத்தேன். ரயில் நகர்ந்தது. வாய் அசைந்தது, சத்தம் கேட்கவில்லை.

அந்த அம்மா ரொம்ப நேரம் காத்திருந்தார். "வழி தப்பிவிட்டது போலிருக்கிறது" என்றேன். விலை சொல்லும் அதிகாரம் எனக்கு இல்லை. பையை மறுபடி ஒரு தடவை தடவிப் பார்த்து, பிறகு எழுதுகிறேன் என்று எழுந்துகொண்டார்.

திரும்பி வந்தபோது சாவிக்கொத்து வரவேற்பறைச் சோபாவில், ஷூவைக் கழற்றிப் போட்டுவிட்டு, குதிகால் கொப்புளத்தோடு உட்கார்ந்திருந்தார். யார் யாரிடமோ சைகை காட்டி வழி கேட்டு வந்திருக்கிறார்.

"ஏம்மா இப்படிப் பண்ண?"

"மீட்டிங் முடியட்டும்னு பாத்தேன் சார்."

எனக்கு இனித்தது. பொய் எதற்கு? இனித்தது.

மார்ச் 14, சனி

விமானத்தில் தள்ளித் தள்ளி இடம். நல்லதாயிற்று.

மார்ச் 27, வெள்ளி

அந்த ஆர்டர் வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. என் பைதான் போனது, அதுவும் உறைக்கிறது. சாம்பிள் பிரிவில் இரண்டு தையல்காரர்கள் சேர்ப்பதாக இருந்தார்கள், இப்போது இல்லை. முதலாளி சாவிக்கொத்தை அறைக்குள் கூப்பிட்டுக் காய்ச்சி எடுத்தார். வெளியே வந்தபோது இடுப்பில் சாவி இல்லை. என்னைப் பற்றி அவர் வாயைத் திறக்கவில்லை. திறந்தால் நானும் திறப்பேனே.

சாவியில்லாத இடுப்பைப் பார்த்தும் எனக்கு ஆறவில்லை. இன்னும் என்னதான் வேண்டும்?

மார்ச் 29, ஞாயிறு

அம்மா வீட்டுக்கு வந்துவிட்டாள். எல்லாவற்றையும் சொன்னேன். ரயில் கதவு வந்ததும் தோள் குலுங்கிற்று. சிரிக்கிறாளாம். சத்தமில்லாத சிரிப்பு பார்க்கவே என்னவோபோல் இருக்கிறது. அந்த இடத்தை மறுபடி சொல்லும்படி கையைச் சுழற்றினாள். பிறகு சிலேட்டை எடுத்து எழுதினாள்: "அவனை வரச் சொல்."

ஏப்ரல் 5, ஞாயிறு

சாவிக்கொத்து வரமாட்டார் என்றிருந்தேன். வந்தார், ஆப்பிள் பையோடு.

"எப்படிம்மா இருக்கீங்க?" என்று கத்தினார். அம்மா சிலேட்டைக் காட்டினாள்: "காது கேக்கும்."

"என்ன மன்னிச்சிடுங்கம்மா."

அம்மா தலையாட்டினாள், இல்லை என்று. எழுதினாள்: "அன்னிக்கு நடந்ததச் சொல்லு."

"ஆபீஸ்லேர்ந்து போன் வந்துச்சு..." நிறுத்தினார். அம்மா நாற்காலிக் கையைத் தட்டினாள்: மேலே சொல். "அம்மாவுக்கு ஆபரேஷன், கடைசியா பொண்ணோட பேசணுமாம்னு சொன்னாங்க." தட்டல். "டப்பாவ அணைச்சேன்." தட்டல். "இவங்க வந்து நெட் வரலியே சார்னு கேட்டாங்க. சூடாயிடுச்சுன்னு பொய் சொன்னேன்." தட்டல். "மறுபடியும் வந்து கேட்டாங்க. மூஞ்சியப் பாக்காம பொய் சொன்னேன்."

அப்போதுதான் அழுதார். சத்தமாக. நான் கேட்டதெல்லாம் கிடைத்தது, பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். பாதிக்கு மேல் பார்க்க முடியவில்லை, எழுந்து சமையலறைக்குப் போய்விட்டேன். அம்மா போகவில்லை. கண்ணை எடுக்காமல் கடைசி வரை கேட்டிருக்கிறாள். மன்னித்தேன் என்று எழுதவும் இல்லை. ஆப்பிளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டாள்.

ஏப்ரல் 22, புதன்

மதியச் சாப்பாட்டு நேரத்தில் அம்மாவின் அழைப்பு. எடுத்தால் மூச்சு மட்டும்தான் வரும், குழாய் வழியாக, லேசான விசிலோடு. பேசுவதெல்லாம் நான்தான். புதுச் சாம்பிளில் அடித்துணி சுருங்கிக்கொண்டு என் உயிரை வாங்குவதைச் சொன்னேன். அக்காவின் சமையலைக் கிண்டல் செய்தேன். எங்காவது நிறுத்தினால் போனை நகத்தால் தட்டுகிறாள், ஊம் கொட்டுகிறாளாம். டிபன் டப்பா ஆறிப்போகும்வரை பேசியிருக்கிறேன்.

சாயங்காலம் படியில் இறங்கும்போது எதிரே சாவிக்கொத்து வந்தார். ஒதுங்கி வழி விட்டார். அவரைக் கண்ட பிறகுதான் நினைத்துக்கொண்டேன், இன்று முழுக்க அவர் ஞாபகமே வரவில்லை.